குளிர் ஊரில் சுடும் லேப்டாப்

கேள்வி: வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போடும் குளிர், ஆனால் என் பழைய லேப்டாப் மட்டும் அரை மணி நேரத்தில் சுட்டு, ஃபேன் இரைந்து, தானாக அணைந்துவிடுகிறது. ஏன்?
– வாசகி, ஊட்டி

பதில்: கட்டிலில் கம்பளிமேல் வைத்தா வேலை பார்க்கிறீர்கள்? பல லேப்டாப்களில் காற்று இழுக்கும் துவாரம் அடிப்பக்கம்தான் இருக்கும், அதைக் கம்பளி அடைத்துவிட்டால் ஊர் எவ்வளவு குளிர்ந்தாலும் பிராசஸர் 100 டிகிரி வரை ஏறி, கருகாமல் தப்பிக்க மெஷின் தானே அணைந்துவிடும். மேசைக்கு மாற்றுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம் என்பதும் ஒரு காரணம், இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் குறைவான சூட்டைத்தான் வெளியேற்றும்.

ஆனால் பழைய மெஷினில் நான் முதலில் சந்தேகப்படுவது தூசியைத்தான். சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே அது மெத்தை போலப் படிந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, பிராசஸரின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள், புது லேப்டாப் வாங்கும் யோசனையை அப்புறம் பார்க்கலாம். அதுவரை விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக வைத்தால் பிராசஸர் அவ்வப்போது கூட்டிக்கொள்ளும் டர்போ வேகம் நின்று சூடு குறையும்.

ஆறட்டும் என்று மட்டும் பனிமூட்டம் நுழையும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், ஈரம் போர்டையே அரித்துவிடும். டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம், சரி பார்க்கும்வரை சார்ஜ் போடவே வேண்டாம்.