டம்மி மாறியை அழித்ததும் போர்டு நின்றுபோவது ஏன்?
வணக்கம் தம்பி. சாட்ஸ்வர்த் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு எஸ்டிஎம்32எஃப்4 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை வைத்து மட்டம் பார்க்கும் போர்டு செய்கிறீர்கள். யூஆர்ட் (தொடர்வரிசையில் தகவல் வாங்கும் பகுதி) இன்டரப்டில் 'டம்மி' என்ற மாறியை எங்கும் பயன்படுத்தவில்லை என்று ஜிசிசி கம்பைலர் எச்சரிக்க, ஸ்டேட்டஸ், டேட்டா ரெஜிஸ்டர்களை வாசித்து அதில் போடும் இரண்டு வரியையும் அழித்தீர்கள். அப்புறம் போர்டு அப்படியே நின்றுவிடுகிறது, சரிதானே?

வேண்டாதது மாறிதான், வாசிப்பு அல்ல. அந்தச் சிப்பில் ஓவர்ரன் கொடி (முந்தைய பைட்டை வாசிக்கும் முன்பே அடுத்தது வந்துவிட்டது என்ற குறி) ஏறினால், முதலில் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரையும் அடுத்து டேட்டா ரெஜிஸ்டரையும் வாசித்தால்தான் இறங்கும். இல்லாவிட்டால் இன்டரப்ட் திரும்பத் திரும்ப வந்து மெயின் லூப்பை ஓடவே விடாது. மாறியைத் தூக்கிவிட்டு, ரெஜிஸ்டர் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் வாய்ட் போட்டு எழுதுங்கள், முதலில் ஸ்டேட்டஸ், அடுத்த வரியில் டேட்டா. ரெஜிஸ்டர்கள் வாலடைல் (ஒவ்வொரு வாசிப்பும் நடந்தே ஆகவேண்டும்) என்று அறிவிக்கப்பட்டிருப்பதால் கம்பைலர் அந்த வாசிப்பை நீக்காது. நானும் இதே குழியில் விழுந்து, லோட்ஷெடிங் இருட்டில் டார்ச்சோடு உட்கார்ந்தவன்தான்.

கால்பேக்கில் (லைப்ரரி திரும்ப அழைக்கும் நம் ஃபங்ஷனில்) சும்மா வரும் அளவுருவுக்கும் இதே வாய்ட் போதும். அசர்ட்டுக்குள் (நிபந்தனை சரியா என்று பார்க்கும் சோதனை வரி) மட்டும் பயன்படும் மாறி என்றால், அசர்ட் அணைந்த ரிலீஸ் பில்டில்தான் எச்சரிக்கை வரும். அங்கேயும் இதுவே மருந்து.

எச்சரிக்கையை மொத்தமாக அணைக்கும் ஃப்ளாக் மட்டும் வேண்டாம். ஒருமுறை நான் தவறுதலாக வேறொரு மாறியில் மதிப்பைப் போட்டுவிட்டு விழித்தபோது காட்டிக்கொடுத்ததே இந்த எச்சரிக்கைதான். சிப் நிறுவனம் தந்த லைப்ரரி கோப்புகளுக்கு மட்டும் வேண்டுமானால் அணையுங்கள்.