ஃபிளிப்-அப் (தாடைப் பகுதியை மேலே தூக்கக்கூடிய) ஹெல்மெட்டில் நெற்றி வலி: பெரிய சைஸ் வாங்கலாமா?

வாங்காதீர்கள். கன்னம் சரியாகப் பிடிக்கிறது, அரை மணி நேரத்தில் நடு நெற்றி மட்டும் விண்ணென்று வலிக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் சைஸ் தப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. உள்வடிவம்தான் உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை. முன்பின்னாக நீண்ட தலையை உருண்டையான உள்கூட்டில் திணித்தால் அழுத்தம் முழுவதும் நெற்றியில்தான் இறங்கும்.

பெரிய சைஸில் வலி போய்விடும், உண்மைதான். ஆனால் கன்னப் பஞ்சு நாளடைவில் அமுங்கி ஹெல்மெட் ஆட ஆரம்பிக்கும். கீல், பூட்டு எல்லாம் சேர்ந்து ஃபிளிப்-அப் ஏற்கெனவே கனமானது. அது தளர்வாக இருப்பது ஆபத்து.

அடுத்ததை வாங்குமுன்:

1. தாடைப் பகுதியை மூடி, 20 நிமிடம் கழற்றாமல் போட்டிருங்கள். பிறகு நெற்றியைப் பாருங்கள். ஒரே இடத்தில் காசு அளவுக்குச் சிவந்து வலித்தால் அந்த மாடலே வேண்டாம்.

2. வாரை இறுக்கிப் பூட்டி, பின்விளிம்பைப் பிடித்து மேல்நோக்கியும் முன்நோக்கியும் தள்ளுங்கள். கழன்று வந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள்.

3. நீங்கள் மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் அதோடும் ஒருமுறை.

ஒன்று மட்டும் கவனம்: தாடையைத் தூக்கிவிட்டபடி ஓட்டும் எண்ணம் இருந்தால், ஈசிஇ (ECE) என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தர முத்திரை உள்ள ஹெல்மெட்டின் வாரில் தைத்த சீட்டைப் பாருங்கள். ‘பி/ஜே’ (P/J) என்றிருந்தால் இரு நிலைக்கும் சான்று உண்டு. ‘பி’ (P) மட்டும் என்றால் மூடித்தான் ஓட்ட வேண்டும்.