ஒரே தாவலில் 1 நானோமீட்டருக்குப் போக முடியாதா?

கேள்வி: "பிராசசர் 7 நானோமீட்டர், 5, 3 என்று படிப்படியாகத்தான் சிறிதாகிறது. நேராக 1-க்குப் போவதில் என்ன சிக்கல்? இவ்வளவு பெரிய கம்பெனிகளே ஏன் தடுமாறுகின்றன? நான் டிப்ளமோ இ.சி.இ. இரண்டாம் ஆண்டு."

ஒரே ஒரு டிரான்சிஸ்டர் என்றால் ஏற்கெனவே செய்துவிட்டார்கள். டிரான்சிஸ்டர் என்பது சிப்புக்குள் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச், அதைத் திறந்து மூட வைக்கும் பகுதி கேட்; நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 2016-லேயே அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கார்பன் நானோகுழாயை கேட்டாக வைத்து, 1 நானோமீட்டர் கேட் உள்ள டிரான்சிஸ்டரை வேலை செய்ய வைத்துக் காட்டினார்கள். அதே மாதிரி 1,900 கோடி டிரான்சிஸ்டர்களை (2023-ல் வந்த ஆப்பிள் ஏ17 ப்ரோ சிப்பில் அவ்வளவு இருக்கின்றன) ஒரு விரல்நகம் அளவு இடத்துக்குள், எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல வருகிற மாதிரி, அப்படிப்பட்ட சிப்பை மாதம் லட்சக்கணக்கில், வாங்குகிறவனுக்குக் கட்டுப்படியாகும் விலையில் எடுக்க வேண்டும் என்கிறபோதுதான் எல்லாம் மாட்டிக்கொள்கிறது.

நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்பு) பாடம் எடுக்கிறேன், வீடு கடலூர் மஞ்சக்குப்பம். ஆனால் இந்த விஷயம் எனக்குப் புரிந்தது கல்லூரியில் இல்லை. அப்பா ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருந்தார், கல்யாணப் பத்திரிகை, கடைப் பை, காலண்டர் எல்லாம் அடிப்பார். பள்ளி விட்டு வந்தால் நான் அங்கேதான் இருப்பேன். சிப் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். "3 நானோமீட்டர்" என்பது இன்று ஒரு பெயர்தான், சிப்புக்குள் எதை அளந்தாலும் 3 வராது. அந்தத் தலைமுறையில் ஒரு டிரான்சிஸ்டருக்கும் பக்கத்து டிரான்சிஸ்டருக்கும் இடையே கேட் முதல் கேட் வரை ஏறத்தாழ 48 நானோமீட்டர். ரொம்ப காலத்துக்கு முன் அந்த எண் உண்மையான ஓர் அளவைக் குறித்தது, பிறகு அளவு ஒரு பக்கமும் பெயர் ஒரு பக்கமுமாகப் போய்விட்டன. தேர்வில் 3 நானோமீட்டர் என்பது கேட்டின் நீளம் என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, கடைக்கு வருவோம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின்மேல் எமல்ஷன் பூசி, இருட்டில் உலர வைத்து, அதன்மேல் பாசிடிவ் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும், எழுத்து இருந்த இடம் தண்ணீரில் கழன்று ஓடும், அந்தத் துளை வழியாக மை இறங்கும். சிலிக்கான் தகட்டின்மேலும் இதே கதைதான்: ஒளிக்கு மாறுகிற ஒரு பூச்சு, ஃபிலிமுக்குப் பதில் வடிவம் தாங்கிய மாஸ்க், வெளிச்சம், கழுவுதல், பிறகு அரித்தல். பத்திரிகையில் மிக மெல்லிய எழுத்து வந்தால் அப்பா வாடிக்கையாளரிடம் "கொஞ்சம் தடிமனா வைங்க, உடைஞ்சிடும்" என்பார். சிப் செய்கிறவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய்ப்பில்லை.

அவர்கள் நீண்ட காலம் 193 நானோமீட்டர் அலைநீள ஒளியை வைத்தே ஓட்டினார்கள். 40 நானோமீட்டர் கோட்டை அந்த ஒளியால் வரைவது, தடித்த மார்க்கரை வைத்து அரிசியில் பெயர் எழுதுகிற மாதிரி. லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீரை வைத்துக் கொஞ்சம் கூர்மைப்படுத்தினார்கள். அதுவும் போதாதபோது ஒரே அடுக்கை இரண்டு, மூன்று, நான்கு தடவையாகப் பிரித்து அடித்தார்கள். இங்கேதான் எனக்கு அப்பாவின் கடை நினைவுக்கு வரும். நான்கு கலர் காலண்டரில் ஒவ்வொரு கலரும் முந்தைய கலரின்மேல் சரியாக உட்கார வேண்டும், அரை மில்லிமீட்டர் விலகினாலே பிள்ளையார் முகத்தில் இரண்டு கண்ணுக்கு நான்கு கண் தெரியும். அதை ரிஜிஸ்டர் அவுட் என்போம். ஐப்பசி கார்த்திகை மழையில் தாள் ஈரம் இழுத்து நீண்டுவிடும், காலையில் சேர்ந்த ரிஜிஸ்டர் மாலையில் சேராது, நூறு தாளை அப்பா ஒன்றும் பேசாமல் ஓரமாக எடுத்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். சிப்பில் அந்த ஒட்டுதல் சில நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதுவும் பல பத்து அடுக்குகளுக்கு. இன்டெல் தன் 10 நானோமீட்டர் தலைமுறையை இந்தப் பழைய ஒளியை வைத்தே பலமுறை அடித்து முடித்துவிடலாம் என்று இறங்கியது, 2016 வாக்கில் வரவேண்டியது 2019-ல்தான் பெரிய அளவில் வெளிவந்தது. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இது பெரிய காரணம்.

அப்புறம் வந்தது 13.5 நானோமீட்டர் ஒளி, இ.யு.வி. என்பார்கள். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வகுப்பில் மணி அடித்தது தெரியாது எனக்கு. இந்த ஒளியைத் தருகிற விளக்கு எதுவும் கிடையாது. உருகிய வெள்ளீயத்தை நொடிக்குச் சுமார் 50,000 துளிகளாகச் சொட்ட விடுகிறார்கள், ஒவ்வொரு துளியும் தலைமுடித் தடிமனில் பாதிகூட இருக்காது. பறந்து வரும் துளியை முதல் லேசர் அடி தட்டையாக்குகிறது, இரண்டாவது அடி அதை ஆவியாக்கிப் பிளாஸ்மா ஆக்குகிறது, அந்தப் பிளாஸ்மாவிலிருந்துதான் இந்த ஒளி வருகிறது. காற்று இதை விழுங்கிவிடும், அதனால் எல்லாம் வெற்றிடத்தில். கண்ணாடி லென்ஸும் விழுங்கிவிடும், அதனால் மாலிப்டினமும் சிலிக்கானும் மாறி மாறிப் பூசிய ஆடிகளில் எதிரொளித்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஒவ்வோர் ஆடியிலும் நூற்றுக்கு எழுபது பங்குதான் திரும்பும், பத்து ஆடி தாண்டினால் நூற்றுக்கு மூன்று பங்குகூட மிஞ்சாது. இந்த எந்திரத்தை உலகில் நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். ஒன்றுதான் விற்கிறது, ஒன்றின் விலை 15 கோடி டாலருக்கு மேல். அதற்கு அடுத்த தலைமுறை எந்திரம் சுமார் 35 கோடி யூரோ.

இவ்வளவு செலவு செய்தும் புதிதாக ஒரு பிரச்சினை வந்தது, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிகிறது. இந்த ஒளியின் ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) பழைய ஒளியின் ஃபோட்டானைவிட 14 மடங்கு ஆற்றல் கொண்டது. அதாவது அதே அளவு ஆற்றலைப் பூச்சின்மேல் கொட்டினால் விழுகிற ஃபோட்டான்களின் எண்ணிக்கை 14-ல் ஒரு பங்குதான். மழை ஆரம்பிக்கும்போது சிமெண்ட் தரையைப் பாருங்கள், பெரிய பெரிய துளியாகப் பத்துப் பன்னிரண்டு விழும், ஒரு சதுரத்தில் மூன்று விழுந்திருக்கும், பக்கத்துச் சதுரம் காய்ந்தே கிடக்கும். கொஞ்ச நேரம் பெய்தால் எல்லாம் ஒரே ஈரம். சிப்பில் ஒரு சிறிய துளைக்கு விழுகிற ஃபோட்டான்கள் அந்த முதல் மழைத்துளிகள் மாதிரி, ஒரு துளை முழுதாகத் திறக்கும், இன்னொன்று திறக்காமலே நின்றுவிடும். எந்திரம் பழுதில்லை, ஆள் தவறில்லை, வெறும் தற்செயல். ஒளியைக் கூட்டினால் சரியாகும், ஆனால் ஒவ்வொரு தகடும் அதிக நேரம் எடுக்கும், செலவு ஏறும்.

இதோடு ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு தகடு முடிய ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள், சுமார் மூன்று மாதம். ஒவ்வொரு படியும் 99.9 சதவீதம் சரியாக நடந்தாலும், ஆயிரம் படி தாண்டி வரும்போது நல்லது 37 சதவீதம்தான். அதனால்தான் ஒரே தாவல் முடியாது. ஒரு தலைமுறையில் எந்தெந்தப் படியில் எது தவறுகிறது என்று அளந்து, திருத்தி, அந்த அனுபவத்தோடுதான் அடுத்ததில் கைவைக்க முடியும்.

வரைந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அடுத்தது கசிவு. டிரான்சிஸ்டர் என்பது திறந்து மூடும் குழாய். சிறிதாக்கினால் மூடினாலும் மின்னோட்டம் கசிகிறது. கேட்டுக்கு அடியில் இருந்த சிலிக்கான் டைஆக்சைடு 1.2 நானோமீட்டர் வரை மெலிந்து, அதாவது நாலைந்து அணு அடுக்குத்தான், எலக்ட்ரான் சுவரை ஊடுருவியே போக ஆரம்பித்தது, குவாண்டம் ஊடுருவல் என்று படித்திருப்பீர்கள். 2007-ல் இன்டெல் ஹாஃப்னியம் சேர்ந்த பொருளுக்கு மாறித் தப்பித்தது. பிறகு குழாயின் வடிவத்தையே மாற்றினார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை மேலே இருந்து காலால் மிதித்தால் ஓரத்தில் கொஞ்சம் வரத்தான் செய்யும், கையால் மூன்று பக்கமும் நெரித்தால் குறையும், சுற்றிலும் கயிறு போட்டு இறுக்கினால் நிற்கும். பழைய தட்டை டிரான்சிஸ்டர், 2012-ல் விற்பனைக்கு வந்த ஃபின்ஃபெட், 2022-ல் சாம்சங் தொடங்கிய கேட்-ஆல்-அரவுண்ட் மூன்றும் முறையே இவைதான். சிலிக்கானின் அணுக்கட்டம் ஒன்று 0.54 நானோமீட்டர், 5 நானோமீட்டர் தடிமனில் ஒரு சுவர் என்றால் ஒன்பது பத்துக் கட்டம்தான் இருக்கிறது. அதில் ஒரு கட்டம் கூடினாலும் குறைந்தாலும் அந்த டிரான்சிஸ்டர் பக்கத்தில் இருப்பதைப்போல நடக்காது.

இணைப்புக் கம்பிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தாமிரத்தில் எலக்ட்ரான் மோதாமல் ஓடும் சராசரித் தூரம் சுமார் 39 நானோமீட்டர், கம்பியே அதைவிடக் குறுகலானால் சுவரில் இடித்து இடித்துத்தான் போகும், மின்தடை தாறுமாறாக ஏறும். டிரான்சிஸ்டர் சிறிதானால் வேகம் கூடும், கம்பி சிறிதானால் வேகம் குறையும், இரண்டையும் ஒரே சிப்பில் கட்டி மேய்க்க வேண்டும். இப்போது மின்சாரம் தரும் கம்பிகளை மட்டும் சிப்பின் முதுகுப்பக்கம் கொண்டுபோகிறார்கள், இன்டெல்லின் 18ஏ என்ற தலைமுறை அப்படித்தான். நம் ஊர்ப் பழைய வீடுகளில் விறகும் மூட்டையும் கொல்லைப்பக்கமாக வரும், மனிதர் வாசல் வழியாக வருவார்கள் அல்லவா, அந்த ஏற்பாடுதான்.

வெப்பம் உங்களுக்கே தெரியும். 1974-ல் டென்னார்ட் சொன்ன விதிப்படி சிறிதாக்கச் சிறிதாக்க மின்னழுத்தமும் குறையும், சூடு கூடாது. 2005 வாக்கில் கசிவு காரணமாக மின்னழுத்தம் குறைய மறுத்தது. சூட்டுக்குப் பயந்து வேகமும் பெரிதாக ஏறவில்லை: 2004-ல் இன்டெல்லின் பென்டியம் 4 தொட்டது 3.8 கிகாஹெர்ட்ஸ், இருபது வருடம் கழித்தும் 6-ஐச் சுற்றித்தான் நிற்கிறது.

இன்னொன்று, எல்லாப் பகுதியும் சேர்ந்து சிறிதாவதில்லை. தைவானின் டி.எஸ்.எம்.சி. கம்பெனியின் 5 நானோமீட்டரிலும் அதன் 3 நானோமீட்டரின் ஒரு வகையிலும் எஸ்ரேம் நினைவகச் செல்லின் அளவு ஒன்றே, 0.021 சதுர மைக்ரோமீட்டர். சிப்பில் பெரிய இடத்தைக் கேஷ் (அந்த எஸ்ரேமால் ஆன நினைவகம்) பிடித்திருக்கும்போது, புது விலை கொடுத்துப் பழைய அளவிலேயே அதை அச்சடிப்பதில் என்ன லாபம்? வெளித்தொடர்புச் சுற்றும் அப்படித்தான், சரியாகச் சிறிதாகாது. அதனால் பிராசசர் செய்யும் ஏ.எம்.டி. 2019-ல் கணக்குப் போடும் துண்டை 7 நானோமீட்டரிலும் வெளித்தொடர்புத் துண்டைப் பழைய தலைமுறையிலும் செய்து ஒட்டியது. நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற சிப் ஆலைக் கம்பெனி 2018-ல் 7 நானோமீட்டரே வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டது. முன்னணியில் பெரிய அளவில் இன்று டி.எஸ்.எம்.சி., சாம்சங், இன்டெல் மூன்றுதான்.

நம் நாட்டில் தோலேராவில் டாடா கட்டும் ஆலை 28 நானோமீட்டரும் அதற்கு மேலும்தான், மொஹாலியில் உள்ள அரசு ஆலையில் 180. அதைக் கேட்டு மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கும். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி பிராசசர் ஒன்றை மொஹாலியில் அந்த 180-லேயே செய்து ஓட்டினார்கள். வண்டிக்கும் மின்மீட்டருக்கும் ராக்கெட்டுக்கும் அது போதும், ரிஜிஸ்டரும் கழுவலும் அரித்தலும் அங்கேயும் அதே பாடம்தான்.

நீங்கள் டிப்ளமோ என்பதால் ஒரு வேலை சொல்கிறேன். ஒரு ஸ்கிரீன் சட்டம் வாங்கி எமல்ஷன் பூசுங்கள். பாசிடிவ் ஃபிலிமில் 1 மில்லிமீட்டர் தடிமனில் நூறு கோடு, அரை மில்லிமீட்டரில் நூறு, கால், அதற்கும் கீழே என்று போட்டு, வெளிச்சம் காட்டிக் கழுவித் தாளில் அடியுங்கள். எந்தத் தடிமன் வரை கோடு வருகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடிமனிலும் நூற்றில் எத்தனை கோடு உடையாமல் வந்தது என்று எண்ணுங்கள், வெளிச்ச நேரத்தை மாற்றி இன்னொரு தடவை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைக் கருத்துப் பகுதியில் எழுதினால், அடுத்து எதை மாற்றிப் பார்ப்பது என்று பேசலாம்.