தண்ணீரைத் தசை என்று காட்டும் கருவி: வாசகர் கேள்வி-பதில்

கே: வயது 51. மாதவிலக்கு நின்று ஒரு வருடம். எடை அதே 62 கிலோதான், ஆனால் பழைய ஜாக்கெட் எதுவும் சேரவில்லை. (மயிலாப்பூர் வாசகி)

ப: ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை கொழுப்பு தொடையிலும் பின்புறத்திலும் சேரும். அது வற்றியதும் வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கும். தசையும் கரையும். ஒன்று கூடி ஒன்று குறைவதால் தராசு அசையாது. டேப் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டு அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 தாண்டினால் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் மூன்றையும் பாருங்கள்.

கே: தைராய்டால் 15 கிலோ ஏறிவிட்டது. எந்த மாத்திரை போட்டால் இறங்கும்? (அம்பத்தூர்)

ப: டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்றுகூட எழுதாமல் மாத்திரை பெயர் கேட்டால் எப்படி? தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் உப்பும் நீரும்தான், இரண்டிலிருந்து ஐந்து கிலோ. மீதிக்குத் தைராய்டின் மேல் பழி போடாதீர்கள். எடை குறைக்க நீங்களாக டோஸைக் கூட்டினால் இதயமும் எலும்பும் கெடும்.

கே: 29 வயது. ஜிம் மெஷினில் பத்து நாளில் தசை ஒன்றரை கிலோ குறைந்துவிட்டதாம். புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. (வேளச்சேரி)

ப: இந்தக் கடிதம் வாராவாரம் வருகிறது, வாராவாரம் எனக்குக் கோபமும் வருகிறது. அந்த மெஷின் கொழுப்பைப் பார்ப்பதே இல்லை. உள்ளங்கால், உள்ளங்கை வழியாகச் சின்ன மின்சாரத்தை அனுப்பி உடம்பில் எவ்வளவு நீர் என்று ஊகிக்கும். பிறகு வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை ஃபார்முலாவில் போட்டுக் கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு என்று அச்சடிக்கும். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் பலருக்கு ஒரு கிலோ, ஒன்றரை கிலோ நீர் கோத்துக்கொள்ளும். மெஷின் அதைத் தசைப் பக்கம் எழுதும். விலக்கு முடிந்து நீர் இறங்கினால் ‘தசை போச்சு’. நீங்கள் அனுப்பிய முதல் சீட்டு விலக்குக்கு முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு எடுத்தது, இரண்டாவது விலக்கு முடிந்து காலை ஆறரைக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஜிம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை! மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வறண்டுபோய் ஏறினால் கொழுப்பு சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதே மெஷின், காலை வெறும் வயிறு, சிறுநீர் கழித்த பின், சுழற்சியின் அதே நாள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது. உங்கள் தசை எங்கும் போகவில்லை, பவுடர் வேண்டாம். டேப் எடுங்கள்.

கே: வயது 36, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 22. கை கால் ஒல்லி, தொப்பை மட்டும். டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போடலாமா? (சோழிங்கநல்லூர்)

ப: 2004-இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் யூட்கினும் தங்கள் படத்தையே லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22. கொழுப்பு யூட்கினுக்கு 9 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21. நம் ஊர் உடல்வாகு அது. தொப்பையே டெஸ்டோஸ்டிரோனை இறக்கும், தொப்பை கரைந்தால் பெரும்பாலும் அது தானே ஏறும். ஊசி விந்தணு உற்பத்தியை முடக்கிவிடும். குழந்தை வேண்டுமென்றால் கிட்டவே போகாதீர்கள்.

கே: மூட்டுவலிக்கு அம்மா பெயரில்லாத பொடி சாப்பிடுகிறார். முகமும் வயிறும் உப்பி, கை கால் மெலிகிறது. (பெரம்பூர்)

ப: ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்றே பொட்டலத்தோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பு சொந்தமாக கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைச் சுரப்பதை விட்டிருக்கும், மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கே: கொழுப்பையும் தசையையும் எக்ஸ்ரேயால் அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் கதிர்வீச்சு அதிகமா? (தாம்பரம்)

ப: மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. கர்ப்பம் என்றால் வேண்டாம். அடுத்த முறையும் அதே சென்டர், அதே மெஷின்.