கடலோரத்தில் கைக்கருவிகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் துரு

கேள்வி: திருவொற்றியூரில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. மாடியில் ரோஜா, வெண்டை, மிளகாய். கீழே இரண்டு முருங்கை. மணலி பக்கம் சின்ன நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் போடுகிறேன். கவாத்துக் கத்தரி, ஒட்டுக் கத்தி, களைக்கொத்து, கருக்கரிவாள் எல்லாவற்றிலும் துருப்புள்ளி வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டுத் தேய்த்தால் போகிறது, இரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடி வருகிறது. ரோஜாவில் வெட்டிய நுனி கறுத்து, கீழ்நோக்கிக் காய்கிறது. துருதான் காரணமா? பேசாமல் எவர்சில்வர் கத்தரி வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் அந்த உப்பை நிறுத்துங்கள். எலுமிச்சையின் புளிப்பு துருவைக் கரைக்கும், உப்புப் பரல் அதைச் சுரண்டித் தள்ளும் என்பது சரிதான். ஆனால் துரு இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாத பொடிக் குழிகளாக இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தக் குழிக்குள் போய்த் தங்கிவிடும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் இரும்பு மறுபடி அரிபடும். அதனால்தான் துரு அதே இடத்தில் வருகிறது. கடல்காற்று ஏற்கெனவே கொண்டுவந்து படியவைக்கிற உப்பு போதாதென்று நீங்களும் கையால் பூசுகிறீர்கள். உங்கள் ஊரில் துருவை எடுப்பது சின்ன வேலை, உப்பை எடுப்பதுதான் பெரிய வேலை.

அடுத்து, எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று பாருங்கள். மீஞ்சூர் தொடங்கி வடசென்னைக் கடலோரம் வரை கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியிருப்பது பழைய சங்கதி. உங்கள் போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவுவதும் உப்பு பூசுவதும் ஒன்றுதான். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து இதற்கெல்லாம் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அதில் உப்பு இன்னும் கூடுதல், வேண்டாம். மெட்ரோ தண்ணீர் பரவாயில்லை. கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரோ ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரோ கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

கவாத்துக் கத்தரியை அப்படியே தேய்க்காதீர்கள். நடு போல்ட்டைக் கழற்றிப் பிரியுங்கள். ஸ்பிரிங்கும் வாஷரும் எந்த வரிசையில் இருந்தன என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு முழிக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் போட்டு மண்ணைப் போக்குங்கள். முருங்கைப் பிசின் ஒட்டியிருந்தால் வெந்நீரில் ஊறவிட்டால் இளகும். மேலாக இருக்கிற புள்ளிகளுக்குப் புளிப்பே தேவையில்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு 400 நம்பர் வாட்டர் பேப்பரால் ஒரே திசையில் தேய்த்தால் போதும். குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தால் கீறல்கள்தான் மிஞ்சும், அடுத்த ஈரம் அங்கேதான் உட்காரும்.

ஆழமாகப் பிடித்ததை ஊற வைக்க வேண்டும். மளிகைக் கடை வெள்ளை வினிகர் போதும். பிளாஸ்டிக் டப்பாவில் இரும்புப் பகுதி மட்டும் முழுகும்படி வையுங்கள்; மரப்பிடியும் அலுமினியப் பிடியும் உள்ளே போகக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கம்பி நாரால் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் இரவுக்குள் விட்டுவிடும். அதற்கு மேல் ஊறவிட்டால் நல்ல இரும்பையும் தின்னும், முனை மழுங்கும். வினிகருக்குப் பதில் புளி போடலாமா என்றால், போடலாம், ஆனால் உங்கள் வீட்டுப் பானையில் இருக்கும் பழைய புளி வேண்டாம். கெடாமல் இருக்க உப்புப் போட்டு அடைத்து வைத்த புளியாகத்தான் அது இருக்கும். உப்புப் படாத புதுப்புளியாக இருந்தால் கெட்டியாகக் கரைத்து ஊற்றுங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் இதற்குப் பிறகுதான். வினிகரிலிருந்து எடுத்த இரும்பு வெறும் உடம்பாக இருக்கும். காற்றில் வைத்தால் நீங்கள் டீ குடித்து வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். ஆகவே எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து அதில் பத்து நிமிடம் போடுங்கள். மிச்சமிருக்கும் புளிப்பை அது முறித்துவிடும். மறுபடி அலசுங்கள். கடைசி அலசலுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் இரும்பு சூடேறி, துடைத்தவுடன் தானாகவே உலர்ந்துவிடும். சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவிவிட வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று காஸ் அடுப்பில் காட்டிவிடாதீர்கள். அலகு நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

எண்ணெய் விஷயத்தில், தினமும் எடுக்கிற கருவிக்குத் தேங்காய் எண்ணெய் போதும். கத்தரியின் போல்ட், ஸ்பிரிங்குக்குத் தையல் மிஷின் எண்ணெய். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெயெல்லாம் நாள்பட்டால் பிசினாகிக் கத்தரியின் மூட்டுப் பகுதியை இறுக்கும். மெக்கானிக் கடையில் சும்மா கிடைக்கிறதே என்று பழைய இன்ஜின் ஆயிலை வாங்கிவராதீர்கள். கீரை அறுக்கிற அரிவாளில் அதைத் தடவுவது எனக்குச் சம்மதமில்லை. வாளி மணலில் எண்ணெய் கலந்து அதில் கருவியைக் குத்தி வைக்கும் முறை களைக்கொத்துக்கு அருமையானது. ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் கிடைப்பது கடற்கரை மணல். அது கூடவே கூடாது. நன்றாகக் கழுவிக் காயவைத்த ஆற்று மணல் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள்.

கருக்கரிவாளின் பல்லில் வாட்டர் பேப்பர் போடாதீர்கள், கருக்கு தேய்ந்துவிடும். பழைய பல் துலக்கியால் வினிகர் தொட்டுத் தேயுங்கள். பல் மழுங்கியிருந்தால் கொல்லுப்பட்டறையில்தான் மறுபடி வெட்ட முடியும். ஒட்டுக் கத்தியில் ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும், அந்தப் பக்கத்தை மட்டும் தீட்டி, தட்டையான பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து இரண்டு இழுப்பு, அவ்வளவுதான்.

மாடியில் கடலைப் பார்த்த சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தால் இடம் மாற்றுங்கள். மூடியுள்ள டப்பா நல்லது. உரச் சாக்கில் சுருட்டி வைப்பது பெரிய தப்பு. யூரியா ஈரத்தை இழுக்கும், பொட்டாஷ் உரமோ குளோரைடேதான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டால் டிசம்பர் வரை பெரிய தொந்தரவு இருக்காது.

எவர்சில்வர் வாங்கலாமா என்றால், அவசரம் வேண்டாம். கடலோரக் குளோரைடுக்கு அதுவும் தப்பாது, மெதுவாகப் புள்ளி விழும். விலை மலிவான எவர்சில்வர் அலகில் கூரும் நிற்பதில்லை. இருக்கிற கத்தரியைத் தீட்டிய பிறகும் வெட்டும் விளிம்பிலேயே பள்ளம் தெரிந்தால், அல்லது போல்ட்டை இறுக்கியும் அலகு ஆடினால், அப்போது மாற்றுங்கள்.

இனி ரோஜா. துரு செடிக்கு நோய் தராது. ஆனால் துருப்பிடித்த மழுங்கல் அலகு கிளையை அறுக்காமல் நசுக்கும். பட்டை கிழிந்த இடத்தில் பூஞ்சை நுழையும். அலகின் குழிகளில் தங்கிய சாறு, நோயை ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குக் கொண்டுபோகவும் செய்யும். நீங்கள் சொல்வது நுனிக்கருகலாகத்தான் தெரிகிறது. கறுத்த பகுதிக்குக் கீழே, பச்சைத் தண்டும் வெள்ளை உள்தண்டும் தெரியும் இடம் வரை சாய்வாக வெட்டுங்கள். வெட்டியதை எரித்துவிடுங்கள் அல்லது குப்பைக்கு அனுப்புங்கள், தொட்டியில் மூடாக்காகப் போடாதீர்கள். ஒவ்வொரு செடிக்கும் இடையே அலகை 70 சதவீத ஸ்பிரிட்டால் துடையுங்கள். பிளீச்சிங் தண்ணீர் வேண்டாம், அதுவும் துருவைக் கூட்டும்.

வெட்டுவாயில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவலாம். 100 கிராம் மயில்துத்தத்தை (செம்பு கலந்த நீல உப்பு) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, பிறகு சேர்த்துக் கலக்குங்கள். பளபளப்பான இரும்பு ஆணி ஒன்றை அதில் சற்று நேரம் விட்டு எடுங்கள். செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். ஆணியில் படிகிற அதே செம்பு உங்கள் கத்தரியிலும் படியும், படிந்த இடத்தைச் சுற்றி இரும்பு வேகமாக அரிக்கும். பசையைப் பிரஷ்ஷால்தான் தடவ வேண்டும். தடவிய கையோடு கத்தரியைத் தொட்டிருந்தால் அன்றைக்கே கழுவி எண்ணெய் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, வேலையில் கையைக் கிழித்துக்கொண்டால் துரு இருந்ததா இல்லையா என்று யோசிக்க வேண்டாம். டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. பளபளக்கும் கத்தியும் அதைக் கொண்டுவரும். ஊசி எப்போது போட்டீர்கள் என்பது ஞாபகமில்லை என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.