நர்ஸ் கிளினிக்குக்கு வரச் சொல்கிறார்கள், போகலாமா?

பிரிட்டனில் நாய், பூனை வளர்க்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் சில ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. கால்நடை மருத்துவமனைகளில் நர்ஸ்களே நடத்தும் கிளினிக் பற்றிய கேள்விகள் அவை. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஆறு வயது, 40 கிலோ இருக்கிறான். நாங்கள் வழக்கமாகப் போகும் வெட்டிடமிருந்து (கால்நடை மருத்துவரிடமிருந்து), ‘எடை குறைப்பு கிளினிக், நர்ஸ் பார்ப்பார், கட்டணம் இல்லை’ என்று குறுஞ்செய்தி வந்தது. சும்மா பார்ப்பதாகக் கூப்பிட்டு, விலை கூடிய உணவு மூட்டையை நம் தலையில் கட்டும் வேலையா இது? டாக்டர் இல்லாமல் நர்ஸ் பார்த்து என்ன பயன்? (ஹாரோ வாசகி)

உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் கணக்கிட்டபடி, 2016க்கும் 2023க்கும் இடையில் வெட் கட்டணங்கள் 63 சதவீதம் ஏறியிருக்கின்றன. 2013ல் பத்தில் ஒரு மருத்துவமனைதான் பெரிய குழுமங்களின் கையில் இருந்தது. இப்போது பத்தில் கிட்டத்தட்ட ஆறு. பில்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களுக்கு ‘இலவசம்’ என்ற சொல்லே பயத்தைத் தருவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனாலும் நீங்கள் போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன். எடை விஷயத்தில் டாக்டரைவிட நர்ஸிடம் உங்களுக்கு அதிகம் கிடைக்கும். டாக்டரின் நேரம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் நோயைப் பார்த்து, மருந்தும் எழுத வேண்டும். ‘கொஞ்சம் எடை குறையுங்கள்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எப்படிக் குறைப்பது என்று உட்கார்ந்து பேச நர்ஸுக்குத்தான் நேரம் இருக்கும்.

நல்ல நர்ஸ் என்ன செய்வார் என்று சொல்கிறேன், ஒத்துப் பாருங்கள். முதலில் எடை பார்ப்பார். அதோடு விடாமல் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா, மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிகிறதா என்று தடவிப் பார்த்து, 1 முதல் 9 வரை ஒரு எண் தருவார். 4 அல்லது 5 என்றால் சரியான உடல்வாகு. அப்புறம் அவன் என்ன சாப்பிடுகிறான் என்று விசாரிப்பார். இங்கேதான் நம் வீடுகளில் கதை மாறும். மகன் காலையில் ஒரு கோப்பை போட்டுவிட்டு வேலைக்குப் போவார். பத்து மணிக்கு அம்மம்மா ஒரு பாண் துண்டு கொடுப்பார். மதியம் சோறு பிசையும்போது ஒரு கவளம். பள்ளி விட்டு வரும் பிள்ளை பிஸ்கட்டைப் பங்கு போடும். ஒருவருக்கும் மற்றவர் கொடுத்தது தெரியாது. வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். இன்னும் முக்கியமாக, நாய்க்குச் சாப்பாடு போடுகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பும், பாயாசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பதை உங்கள் வாயால் கேட்டால் அம்மம்மா நம்பமாட்டார். நர்ஸ் சொன்னால் கேட்பார்.

வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம், அதாவது உங்கள் பையனுக்கு 400 கிராம் குறைந்தாலே நல்ல முன்னேற்றம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அதே தராசில் நிறுத்திப் பார்க்கத்தான் இந்தக் கிளினிக்.

உணவு மூட்டை பற்றி: அது வாங்கினால்தான் கிளினிக் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ‘இப்போது கொடுக்கும் உணவிலேயே ஒரு நாளைக்கு எத்தனை கிராம் போடலாம்?’ என்று கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லிக் கணக்குப் போட்டுக் கொடுத்தால் நல்ல இடம். கேள்வியைத் தாண்டி விற்பனைக்கே போனால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். சாப்பாட்டைக் குறைத்தும் எடை இறங்கவில்லை, முடி உதிர்கிறது, எப்போதும் சோர்ந்தே கிடக்கிறான் என்றால் அது தைராய்டாகவும் இருக்கலாம். அந்தக் கட்டத்தில் நர்ஸ் உங்களை டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

கேள்வி: என் பூனைக்குட்டிக்கு இரண்டாவது தடுப்பூசியை நர்ஸே போட்டார். டாக்டர் அறைக்குள் வரவே இல்லை. இது சட்டப்படி சரியா? பச்சைச் சட்டை போட்ட எல்லாரும் நர்ஸ்தானா? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

சரிதான். 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர்கள் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. டாக்டரின் பொறுப்பில் இருக்கும் பிராணிக்கு, அவர் சொன்னபடி, பதிவுபெற்ற நர்ஸ் சிகிச்சை தரலாம், உடல் உட்குழியைத் திறக்காத சிறு அறுவைச் சிகிச்சையும் செய்யலாம் என்று அது அனுமதிக்கிறது. ஊசி போடுவது அதற்குள் அடக்கம். அதற்கு டாக்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தத் தடுப்பூசி வேண்டும் என்று எழுதித் தருவது டாக்டராகத்தான் இருக்க வேண்டும். நோய் இன்னது என்று கண்டுபிடித்துச் சொல்வதும் டாக்டரின் வேலைதான். ‘காதில் கறுப்பாக அழுக்கு இருக்கிறது, டாக்டர் பார்க்கட்டும்’ என்று நர்ஸ் சொல்லலாம். ‘இது இன்ன தொற்று, இந்த மருந்தைப் போடுங்கள்’ என்று அவராகவே சொல்லக் கூடாது. நல்ல நர்ஸ்கள் இந்தக் கோட்டை மிகக் கவனமாகக் காப்பவர்கள்.

பச்சைச் சட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். தகுதிபெற்ற நர்ஸ்கள் கரும்பச்சை போடுவது இங்கே பழைய வழக்கம், சட்டமல்ல. அதைவிடக் கவலையான விஷயம், ‘கால்நடை நர்ஸ்’ என்ற பட்டத்துக்கே இந்த நாட்டில் சட்டப் பாதுகாப்பு கிடையாது. பயிற்சி பெறாதவர் அப்படிச் சொல்லிக்கொண்டாலும் தடுக்க வழியில்லை. ஆண்டுக்கணக்கில் படித்து, பதிவு செய்து, அதன் பிறகும் வருடத்துக்கு 15 மணி நேரம் தொடர்ந்து கற்க வேண்டிய ஒருவருக்கு இது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன். அதனால் பெயர்ப்பட்டையில் ‘ஆர்.வி.என்.’ (பதிவுபெற்ற கால்நடை நர்ஸ்) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான கால்நடை மருத்துவர்களின் ராயல் கல்லூரியின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால், பதிவில் இருக்கிறாரா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: நான் பதிவுபெற்ற கால்நடை நர்ஸ். தெற்கு லண்டனில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் வேலை. நர்ஸ் கிளினிக் தொடங்கும் பொறுப்பைத் தலைமை டாக்டர் என்னிடம் கொடுத்திருக்கிறார். போஸ்டர் ஒட்டினோம், முகநூலில் போட்டோம். இரண்டு மாதத்தில் வந்தவர்கள் ஏழு பேர். நீங்கள் வாடிக்கையாளர் பக்கம் நின்று எழுதுபவர். மக்கள் ஏன் வரவில்லை, என்ன செய்தால் வருவார்கள் என்று சொல்வீர்களா? (டூட்டிங் வாசகி)

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன் தங்கச்சி. வாங்குகிறவர்களின் பக்கம் நின்று பார்த்தால், அவர்கள் வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ‘நர்ஸ் கிளினிக் தொடங்கிவிட்டது, முன்பதிவு செய்யுங்கள்’ என்ற போஸ்டரைப் பார்ப்பவருக்கு அது எதற்கு, யாருக்கு, எவ்வளவு நேரம், எத்தனை பவுண்டு என்று ஒன்றும் புரியாது. ‘ஏழு வயது தாண்டிய பூனைக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறோம், 20 நிமிடம், கட்டணம் இவ்வளவு’ என்று எழுதிப் பாருங்கள். பூனை வளர்ப்பவர் நின்று படிப்பார்.

அந்த உதாரணத்தை எடுத்ததற்கு என் சொந்தக் காரணம் இருக்கிறது. எங்கள் பூனைக்குப் பதினோரு வயதானபோது ஒரு நர்ஸ் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பெண் விளக்கைத் தணித்து, துண்டால் மூடி, பத்து நிமிடம் பூனையைச் சும்மா உட்கார விட்டார். பயத்திலேயே அழுத்தம் ஏறிவிடும், அதனால்தான் இந்தப் பொறுமை என்றார். முன்காலில் சின்னப் பட்டை கட்டி, முதல் அளவை விட்டுவிட்டு, அடுத்தடுத்து ஐந்து முறை எடுத்தார். எண்கள் அதிகம் என்றதும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்தார். சிறுநீரகம் கெடத் தொடங்கியிருந்தது. வயதான பூனைக்கு ரத்த அழுத்தம் கூடினால் திடீரென்று பார்வையே போய்விடும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. தினம் ஒரு மாத்திரையில் இன்னும் பார்வையோடு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கிளினிக்கைப் பற்றி நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

அதனால் பத்து விதமான கிளினிக்கை ஒரே நேரத்தில் அறிவிக்காதீர்கள். உங்களுக்கு எதில் மனம் இருக்கிறதோ அந்த ஒன்றில் தொடங்குங்கள். அதற்கு ஒரு பக்கத்தில் வரையறை எழுதி டாக்டர்கள் எல்லாரிடமும் ஒப்புதல் வாங்குங்கள்: என்னென்ன பார்ப்பீர்கள், எந்த அறிகுறி தெரிந்தால் டாக்டரிடம் அனுப்புவீர்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா. டாக்டர்களுக்கே நம்பிக்கை இல்லாத கிளினிக்குக்கு வாடிக்கையாளர் வரமாட்டார்.

உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய விளம்பரமும் அந்த டாக்டர்தான். பரிசோதனை முடிந்ததும், ‘பல் கொஞ்சம் மஞ்சளாகிறது. பல் தேய்ப்பது எப்படி என்று நம் நர்ஸ் காட்டுவார், வெளியே போகும்போதே நேரம் குறித்துக்கொள்ளுங்கள்’ என்று அவர் வாயால் சொன்னால் போதும். முகநூல் பதிவு நூறு போட்டாலும் அதற்கு ஈடாகாது. வரவேற்பு மேசையில் இருப்பவருக்கும் இதே விவரம் தெரிந்திருக்க வேண்டும். தொலைபேசியில் ‘அது என்ன கிளினிக்?’ என்று கேட்கும்போது அவர் தடுமாறினால் அந்த அழைப்பு அங்கேயே முடிந்தது.

அடுத்து, கணினியில் இருக்கும் பதிவுகளைப் பாருங்கள். போன தடவை எடை கூடுதல் என்று டாக்டர் குறித்த நாய்கள், பத்து வயது தாண்டிய பூனைகள், இன்சுலின் போட்டுக்கொள்பவை. எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பாமல், அந்தப் பிராணியின் பெயரைச் சொல்லி, ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். இனி வேண்டாம் என்று சொல்லும் வழி ஒவ்வொரு செய்தியிலும் இருக்க வேண்டும். அது சட்டமும்கூட.

இலவசமா, கட்டணமா? என் கருத்து பலருக்குப் பிடிக்காது: அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தையல் பார்ப்பதையும் எடை பார்ப்பதையும் இலவசமாக வையுங்கள், மற்றதற்குச் சின்னக் கட்டணம் வாங்குங்கள். இலவசம் என்றால் கடைசியில் எதையோ விற்கப்போகிறார்கள் என்றுதான் ஹாரோ வாசகியைப் போலப் பலரும் நினைக்கிறார்கள். உங்கள் உழைப்புக்கும் படிப்புக்கும் விலை உண்டு. அந்த விலையைச் சுவரிலும் இணையதளத்திலும் எழுதிப் போடுங்கள். விலைப்பட்டியலை வெளியிட வேண்டும் என்று போட்டி ஆணையமும் 2025 அக்டோபரில் தன் இடைக்கால முடிவில் சொன்னது.

நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். செவ்வாய் பகல் பதினொரு மணிக்கு யார் வருவார்? மாலையிலும் சனிக்கிழமையிலும் வையுங்கள். நாய்கள் இல்லாத ஒரு மணி நேரத்தைப் பூனைகளுக்கு ஒதுக்கினால் பூனைக்காரர்கள் உங்களை விடமாட்டார்கள். டூட்டிங்கில் இருக்கிறீர்கள், தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் அடியுங்கள். பகல் முழுக்கப் பிராணியோடு வீட்டில் இருக்கும் பெரியவர்கள் படிப்பார்கள். வந்தவர் கையில் ஒரு அட்டை கொடுங்கள்: இன்றைய எடை, சொன்ன யோசனை, அடுத்த தேதி, உங்கள் பெயர். ஏழு பேர் வந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களில் எத்தனை பேர் இரண்டாவது தடவை வந்தார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள். நான் அந்த எண்ணைத்தான் பார்ப்பேன்.

கேள்வி: எங்கள் நாய்க்கு மாதம் 18 பவுண்டு கட்டினால் தடுப்பூசி, உண்ணி மருந்து, குடற்புழு மாத்திரை, ‘அளவில்லாத நர்ஸ் ஆலோசனை’ எல்லாம் சேர்ந்த திட்டம் தருகிறார்கள். லாபமா? (கிராய்டன் வாசகர்)

வருடத்துக்கு 216 பவுண்டு. உங்கள் நாய் எடைக்கு அந்த மருந்துகளையும் தடுப்பூசியையும் தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டுண்ணி மருந்து உங்கள் நாய்க்கு மாதாமாதம் தேவையா என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள். நர்ஸ் ஆலோசனை உண்மையிலேயே கிடைக்கிறதா, இல்லை மூன்று வாரம் காத்திருக்க வேண்டுமா? இடையில் நிறுத்தினால், வாங்கிய மருந்துக்கு மீதிப் பணம் கேட்பார்களா? ஒன்று மறக்காதீர்கள்: இது காப்பீடு அல்ல. கால் முறிந்தால் இந்தத் திட்டம் ஒரு பென்னிகூடத் தராது.

கேள்வி: இலவசப் பல் பரிசோதனை என்று போனோம். நர்ஸ் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். அவர் இரண்டு நிமிடம் எட்டிப் பார்த்தார். வெளியே வந்தால் 48 பவுண்டு பில். கட்டிவிட்டு வந்தோம். திரும்பக் கேட்கலாமா? (ரெடிங் வாசகி)

கேளுங்கள். டாக்டரைக் கூப்பிட்டதில் தவறில்லை, நர்ஸ் தன் கடமையைச் செய்திருக்கிறார். ‘டாக்டர் பார்த்தால் கட்டணம் உண்டு, பரவாயில்லையா?’ என்று முன்கூட்டிச் சொல்லாததுதான் தவறு. முதலில் மருத்துவமனை மேலாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள். விளம்பரத்தின் படம், பில், தேதி மூன்றையும் சேர்த்து, யார் என்ன சொன்னார் என்று சுருக்கமாக எழுதுங்கள். விலை பேசாமல் செய்த சேவைக்கு நியாயமான தொகைதான் கேட்கலாம் என்கிறது 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம். பதில் சரியில்லை என்றால், கால்நடை வாடிக்கையாளர் சமரச சேவை என்ற அமைப்பு இருக்கிறது. உங்களுக்குச் செலவு இல்லை. ஆனால் இரு தரப்பும் சம்மதித்தால்தான் பேச முடியும். ராயல் கல்லூரி கட்டணத் தகராறுகளில் இறங்காது, தொழில் நெறி மீறலைத்தான் விசாரிக்கும்.

அந்த இரண்டு நிமிடத்தில் டாக்டர் என்ன பார்த்தார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பிராணியின் பதிவேட்டில் அதை எழுதியிருப்பார்கள், பிரதி கேட்டு வாங்குங்கள். பல்லில் உண்மையிலேயே கோளாறு இருந்தால், பணத் தகராறு முடியும்வரை அதைத் தள்ளிப்போடாதீர்கள்.