பத்தடி அறையும் தொப்பி நாதமும்

அன்புள்ள சார்,

வீட்டு மாடியில் பத்துக்குப் பத்து அறையை, பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங் ரூமாக மாற்றிவருகிறேன். உயரமும் பத்தடிதான். ஒரு இஞ்ச் ஃபோம் வாங்கி மூன்று சுவர்களை மூடிவிட்டேன். கை தட்டினால் எதிரொலியே இல்லை. ஒலி அறைக்குள் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று சொல்லும் ஆர்டி60 கணக்கும் சரியாக வருகிறது. ஆனாலும் இங்கே மிக்ஸ் செய்த மிருதங்கம் காரில் குமுறுகிறது. நாலாவது சுவருக்கும் ஃபோம் ஒட்டலாமா? எந்த நிறம் கண்ணுக்கு இதம்? ஈசானிய மூலையில் பாரம் வைக்கக் கூடாது என்கிறார் அப்பா.

க., கும்பகோணம்

அன்புள்ள தம்பி,

நிறம் உங்கள் இஷ்டம். நாலாவது சுவரைத் தொடாதீர்கள்.

கை தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். கைதட்டலில் கீழ் ஒலி ஏது? மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் பளிச்சென்ற சத்தத்தை ஃபோம் தின்றுவிட்டது, இடப்பக்கமான தொப்பியின் கீழ் நாதம் மட்டும் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஆர்டி60 கணக்கையும் விடுங்கள். ஹார்வர்டில் 1895-ல் ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்ய வாலஸ் சபைன் தொடங்கிய வேலை அது. 512 ஹெர்ட்ஸ் ஆர்கன் குழாயை ஊதி அளந்தார். உங்கள் நோய் அதற்கு வெகு கீழே.

ஒலி விநாடிக்குச் சுமார் 1130 அடி ஓடுகிறது. பத்தடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் அலையில் பாதி கச்சிதமாகப் பொருந்திவிடும். அப்புறம் 113, 169. உங்கள் அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று என்பதால் மூன்று திசையிலும் அதே எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. 56 சுவரோரம் பெருத்துக் கேட்கும், நடு அறையில் காணாமல் போகும். நாற்காலியை நடுவில்தான் போட்டிருப்பீர்கள். காதுக்கு வராத கீழ் ஒலியை ஈக்யூவில், அதாவது ஒலியின் மேல் கீழ் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியில், ஏற்றுகிறீர்கள். கார் அதை அப்படியே வெளியே தள்ளுகிறது. அந்த அலையின் நீளம் இருபதடி. ஒரு இஞ்ச் ஃபோம் அதை என்ன செய்யும்?

நான் கோடம்பாக்கத்தில் உதவியாளனாக இருந்த காலத்தில், ஒரு ஸ்டூடியோவின் கண்ட்ரோல் ரூமைத் தரை முதல் கூரை வரை கார்ப்பெட்டால் மூடியிருந்தார்கள். தான் வாசித்த பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்க வந்த மிருதங்க வித்வானின் முகம் வாடிவிட்டது. "ரவையைக் கொஞ்சம் கொஞ்சமா அப்பி நாதம் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்தேன். இது என் தொப்பி இல்லையே" என்றார். என்ஜினியர் அவர் கையைப் பிடித்துப் பின்சுவருக்கு அழைத்துப்போனார். அங்கே அதே வாசிப்பு பூதம்போல முழங்கியது. "அப்போ நான் வாசிச்சது எது?" என்று கேட்டார் பெரியவர். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைச் சொல்வதற்குத்தானே தம்பி அந்த அறை?

மூலைகளுக்குப் போங்கள். நான்கு மூலையிலும் தரையிலிருந்து கூரை வரை ராக்வூல், அதாவது கல்லை உருக்கி இழுத்த பஞ்சுப் பலகை, வையுங்கள். நாலு இஞ்ச் தடிமன் குறைந்தபட்சம், பின்னால் காற்றிடைவெளி விட்டு. மூலையையே நிரப்ப முடிந்தால் இன்னும் நல்லது. 56 முழுதாக அடங்காது. 113-ம் 169-ம் நன்றாகத் தணியும், மிருதங்கத்துக்கு அதுவே பெரிய உதவி. அப்பாவிடம் சண்டை வேண்டாம். ஒரு ராக்வூல் பலகையை அவர் கையிலேயே கொடுங்கள், எவ்வளவு லேசு என்று தெரிந்துகொள்வார்.

ஸ்பீக்கர்கள் இரண்டும் பக்கச் சுவர்களிலிருந்து சம தூரத்தில் இருக்கட்டும். காது முன்சுவரிலிருந்து நாலடிக்குள் வரும்படி நாற்காலியை நகர்த்துங்கள். பின்சுவரில் ஒட்டிய ஃபோமை உரித்துவிடுங்கள்.

அப்புறம் அறையின் ஒலியை அளப்பதற்கான மைக் ஒன்றை இரவல் வாங்கி அளந்து, அந்த வரைபடத்தை அனுப்புங்கள். 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை போதும், மேலே உள்ளதை இப்போது பார்க்க வேண்டாம்.